கரையில் 200, கடைத்தெருவில் 300: மீன் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி இதுதான். பாம்பனில் காலையில் கிலோ 200-க்கு ஏலம் போன மீன் ராமநாதபுரம் சந்தையில் 300-க்கு விற்கிறது. டீசலும் ஐஸும் எவ்வளவு ஏறினாலும் கரை விலை அதே அளவுக்கு ஏறுவதில்லை, தடைக்காலத்தில் மட்டும் ஏறுகிறது. படகுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு விலை வைத்தால் என்ன? பொருளியல் பாடத்தில் வரும் தேவை, அளிப்புக் கோடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. ஆனால் கோடுகளில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். 'செலவு இவ்வளவு, லாபம் இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு' என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். எந்தச் சந்தையிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விலைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது? வாங்குபவரிடமும் கேளுங்கள், விற்பவரிடமும் கேளுங்கள். நுண்ணியல் பொருளியலில் பாதி இதற்குள் அடங்கிவிடும். (கீழே வரும் ரூபாய் கணக்குகள் எல்லாம் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஏலத்தையே பார்ப்போம். ஒரே அளவு, ஒரே தரமான மீன் ஒரு பெட்டி வருகிறது. ஐந்து வியாபாரிகள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி போதும். அவரவர் மனதில் உள்ள உச்ச விலை கிலோவுக்கு 420, 400, 380, 350, 300. ஏலம் ஏறிக்கொண்டே போய் 400-ஐத் தாண்டியதும் இரண்டாமவர் விலகிவிடுவார். 420 வரை கொடுக்கத் தயாராக இருந்தவர் 400-க்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு போவார். விலையை முடிவு செய்தது ஜெயித்தவர் அல்ல, தோற்ற இரண்டாமவர். இப்போது அந்த 400-உம் 380-உம் வராத நாளை யோசியுங்கள். அதே மீன், அதே வியாபாரி, விலை 350-க்குச் சற்று மேலே நின்றுவிடும். ஐந்து பேரும் டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் வாய் திறந்தால் 300-கூடப் போகாது.

ஒரு பெட்டிக்குப் பதில் நான்கு பெட்டி வந்தால்? நான்கும் விற்க வேண்டுமானால் நான்காமவரும் வாங்க வேண்டும், ஐந்தாமவர் விலக வேண்டும். விலை 300-க்கும் 350-க்கும் நடுவே வந்து நிற்கும். இரண்டு பெட்டி என்றால் 380-க்கும் 400-க்கும் நடுவே. இந்த ஐந்து எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வைத்தால் அதுதான் பாடப்புத்தகத்தின் தேவைக் கோடு. படி இறங்குவது போல இருக்கும். ஆட்கள் ஐந்நூறு பேரானால் வழவழப்பான கோடாகிவிடும். அளிப்புக் கோடு அன்றைய காலைக்குச் செங்குத்து. வந்த மீன் வந்ததுதான், விலை ஏறினால் கூடுதலாக ஒரு கிலோ கரைக்கு வராது.

இதில் டீசல் செலவு எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. வலை இழுத்துக் கரை சேர்ந்துவிட்ட மீனுக்கு டீசல் போன பணம். பெட்டியைத் திருப்பிக் கடலில் கொட்டினால் டீசல் காசு திரும்பாது. ஆகவே விற்பவரின் அடிவிலை செலவைப் பொறுத்தது அல்ல, அந்த மீனை வைத்து வேறு என்ன செய்யலாம் என்பதைப் பொறுத்தது. ஐஸ் போட்டு நாளைக்கு வைக்கலாம் (தரம் இறங்கும், நாளைக்கு வரத்து எப்படியோ). கருவாடு போடலாம். கடைசியாகச் சங்காயத்தோடு, அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத கழிவு மீனோடு, தள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்பலாம்.

கருவாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ பச்சை மீன் காய்ந்து மூன்றரைக் கிலோ தேறுகிறது என்று வைப்போம். கருவாடு கிலோ 180 என்றால் 630 ரூபாய். உப்பு, கூலி, கழிவுக்கு 130 போக 500 மிச்சம். அப்படியானால் பச்சை மீனை 50-க்குக் கீழே கொடுக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இந்த 50-தான் வாய்ப்புச் செலவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க முடியாது. அந்த அடித்தளம் கழன்று போகும், விலை சங்காய விலை வரைக்கும் சறுக்கும். ஒரே மீன், ஒரே பிடிச்செலவு, வெயில் இல்லாததால் மட்டும் விலை இறங்குகிறது. வியாபாரிக்கும் இது தெரியும் என்பதுதான் வேதனை.

செலவுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம் இல்லை. அது வேலை செய்யும் இடம் வேறு: படகை எடுப்பதா வேண்டாமா என்ற முந்தின நாள் முடிவில். ஒரு தடவை போய்வர டீசல் 30,000, ஐஸ், சாப்பாடு, இதர வகையில் 6,000. படகுக் கடன் தவணையில் ஒரு தடவைக்கு விழும் பங்கு 12,000. மொத்தம் 48,000. எதிர்பார்க்கும் வரவு 45,000. நஷ்டம் என்று தெரிந்தும் போகலாமா? போகலாம். தவணை படகு கட்டிக்கிடந்தாலும் கட்ட வேண்டியதுதான். போனால் 36,000 செலவழித்து 45,000 வருகிறது. மிச்சம் 9,000-ல் ஆட்களின் பங்கு மூன்றில் ஒன்று என்றால் 3,000 போய் உரிமையாளருக்கு 6,000, அதாவது தவணையில் பாதி. போகாவிட்டால் 12,000-உம் கையிலிருந்து. எதிர்பார்க்கும் வரவு 36,000-க்குக் கீழே இறங்கினால்தான் நங்கூரம் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். மாறும் செலவு (டீசல், ஐஸ்), நிலைச் செலவு (தவணை) என்று பிரித்துப் படிப்பதன் பயன் இதுதான். வருடக்கணக்கில் இப்படியே போனால் பழுது பார்க்க முடியாது, அடுத்த படகு வாங்க முடியாது, மெல்ல மெல்லப் படகுகள் குறையும். அப்போது வரத்து குறைந்து விலை ஏறும். டீசல் விலை மீன் விலைக்குள் நுழைவது இந்தச் சுற்றுவழியில்தான். அதற்குப் பல பருவம் பிடிக்கும். பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே ஒரு நாள், ஒரு பருவம், ஒரு தலைமுறை என்று காலத்தைப் பிரித்து விலையை விளக்கியபோது எடுத்துக்கொண்ட உதாரணமும் மீன் சந்தைதான்.

அடுத்தது 200-க்கும் 300-க்கும் இடையே உள்ள அந்த நூறு ரூபாய். 'இடைத்தரகர் கொள்ளை' என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு சில்லறை வியாபாரியின் நாளைப் பிரித்துப் பாருங்கள். 50 கிலோ 200-க்கு எடுத்தால் 10,000. ஐஸ், ஏற்றுக்கூலி, வண்டி 900. ஐஸ் நீர் வடிந்தது, நசுங்கியது என்று 2 கிலோ போய் 48 கிலோதான் விற்பனைக்கு. காலை பத்து மணிக்குள் 38 கிலோ 300-க்குப் போகிறது: 11,400. மீதி 10 கிலோவை மதியம் கூறு போட்டுக் கிலோ 180 கணக்கில் தள்ளுகிறார்: 1,800. மொத்த வரவு 13,200. கொள்முதல், வண்டிச் செலவு போக 2,300. கடை வாடகை, மீன் வெட்டும் ஆளுக்குக் கூலி 700. கையில் 1,600. விலைக்கு மேல் 50 சதவீதம் வைத்தவருக்கு விற்பனையில் 12 சதவீதம்தான் நிற்கிறது. அதுவும் விடிகாலையில் எழுந்து, மழை வந்தால் மொத்தமும் போகும் என்ற ஆபத்தோடு. இந்த இடத்தில் கொள்ளை லாபம் இருந்திருந்தால் பக்கத்தில் இன்னும் நாலு பேர் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். சில்லறையில் நுழைவது எளிது, ஆகவே அங்கே லாபம் அதிக நாள் தங்காது. சந்தேகப்பட வேண்டிய இடம் சில்லறை அல்ல. அது எந்த இடம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு ஊர் விலைக்கு உள்ள வித்தியாசம் போக்குவரத்துச் செலவையும் விரயத்தையும் தாண்டி நிற்பதற்கு இன்னொரு காரணம், தகவல் இல்லாமை. கேரளத்தின் வட மாவட்டக் கரைகளில் 1997 முதல் 2001 வரை மொபைல் போன் பரவியபோது மத்தி விலையைப் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். போன் வரும் முன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டினார்கள், பக்கத்துக் கரையில் மத்தி கிடைக்காமல் வாங்க வந்தவர் திரும்பிப் போனார். போன் வந்ததும் கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் லாபம் பார்க்க முடிந்தது, வீணாய்ப் போனது மிச்சமானதால்.

இப்போது தடைக்காலம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகும் கரைவலையும் மட்டும். விலை எவ்வளவு ஏறும் என்பது வரத்து எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும் பொறுத்தது அல்ல. சாப்பிடுபவருக்கு மாற்று என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதைத்தான் தேவை நெகிழ்ச்சி என்கிறோம். வரத்து 30 சதவீதம் குறைந்து விலை 60 சதவீதம் ஏறினால் நெகிழ்ச்சி அரை (30-ஐ 60-ஆல் வகுத்தது). அதே 30-க்கு விலை 15 சதவீதமே ஏறினால் நெகிழ்ச்சி இரண்டு. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது, ஆகவே ஏப்ரல் மே மாதங்களில் அங்கிருந்து லாரி வரும். வளர்ப்பு இறாலும் கட்லாவும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே பிராய்லர் கோழி. கோழி விலைதான் சாதாரண மீனுக்கு மேலே ஒரு கூரை. வஞ்சிரம் போன்றவற்றுக்கு அந்தக் கூரை கொஞ்சம் உயரம், விருந்தாளிக்கு வஞ்சிரம் என்று முடிவு செய்தவர் கோழிக்கு மாறமாட்டார்.

ஜூன் 15-க்குப் பிறகு நடப்பது இதற்கு நேர் எதிர். எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்பும். வரத்து 40 சதவீதம் கூடி விலை பாதியாகிவிட்டால் வருமானம் 1.4 × 0.5, அதாவது முன்பு இருந்ததில் 70 சதவீதம். அதிகம் பிடித்து குறைவாகச் சம்பாதிப்பது இப்படித்தான். ஒரு படகு மட்டும் குறைவாகப் பிடித்தால் விலை அசையாது, ஆகவே யாரும் குறைக்க மாட்டார்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களிலும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. உப்பு விலை பாதியானதற்காக யாரும் சாம்பாரில் இரட்டிப்பாகப் போடப் போவதில்லை. நல்ல வெயில் அடித்த வருடம் உப்புக்காரருக்குக் கெட்ட வருடம்.

இப்போது சந்தேகப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். ஏற்றுமதிச் சரக்கு: இறால், கணவாய், நீலக்கால் நண்டு. சாதாரண மீனுக்கு வாங்க ஆள் நிறைய; இவற்றுக்குக் கம்பெனிகள் விரல் விட்டு எண்ணும் அளவு. விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். விற்பவர் ஒருவரே இருக்கும் முற்றுரிமையின் மறுபக்கம், வாங்குபவர் ஒருவரே இருக்கும் வாங்குவோர் முற்றுரிமை. இது அதற்கு நெருங்கிய நிலை. அதோடு முன்பணமும் சேர்ந்துகொள்ளும். வலை வாங்க, எஞ்சின் மாற்ற வியாபாரி 2 லட்சம் கொடுக்கிறார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. நிபந்தனை ஒன்றே: சரக்கு அவருக்கே, ஏல விலையை விட 20 ரூபாய் குறைத்து. வாரம் 60 கிலோ என்றால் வாரத்துக்கு 1,200, வருடத்தில் 40 வாரம் தொழில் நடந்தால் 48,000. இரண்டு லட்சத்துக்கு 24 சதவீதம் வட்டி. 'வட்டியில்லாக் கடன்' என்பது பெயர். எடை கழிவு, தரம் பிரிப்பதில் கைவரிசை எல்லாம் இதற்கு மேல்.

ஆனாலும் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டால், மறுபடியும் அதே கேள்விதான், வேறு வழி என்ன? 2018-19 முதல் மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. ஒழுங்காகத் திருப்பினால் வட்டி 4 சதவீதம் வரை இறங்கும். ஆனால் வங்கிக்குக் காகிதம் வேண்டும், நாள் வேண்டும். வியாபாரி ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுப்பார், பிடி இல்லாத மாதம் கேட்கமாட்டார். 24 சதவீதத்தில் ஒரு பகுதி அந்த வசதிக்கான விலை. மீதிதான் போட்டி இல்லாததால் வருவது. இரண்டையும் பிரிக்காமல் 'கந்துவட்டி' என்று ஒதுக்கினால், அவர் போன பிறகு அந்த ராத்திரி எட்டு மணிக்கு யாரிடம் போவது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

படகுக்காரர்கள் சேர்ந்து விலை வைக்கலாமா என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வாங்குபவர் பலர் இருக்கும் இடத்தில் குறைந்தபட்ச விலை வைத்தால் சரக்கு விற்காமல் தேங்கும்; முதலில் தேங்கியவர் ரகசியமாகக் குறைத்து விற்பார், ஒற்றுமை ஒரு வாரம் தாங்காது. வாங்குபவர் ஒருவரே என்றால் கணக்கு மாறும். கம்பெனிக்கு ஒரு கிலோவின் மதிப்பு 400. விலை 300 என்றால் 100 கிலோ வரும்; 320 கொடுத்தால் இன்னும் சில படகுகள் அந்தத் தொழிலுக்கு இறங்கி 120 கிலோ வரும். ஆனால் 320 என்றால் எல்லோருக்கும் 320 கொடுக்க வேண்டும். 30,000 ஆன செலவு 38,400 ஆகிறது. கூடுதல் 20 கிலோவுக்கு 8,400, கிலோ 420 விழுகிறது. 400-க்கு மேல் ஆவதால் கம்பெனி 300-லேயே நின்றுவிடும். இப்போது சங்கம் '320-க்குக் குறைந்தால் இல்லை' என்று உறுதியாக நின்றால், கூடுதல் கிலோவும் கம்பெனிக்கு 320-தான். 120 கிலோவையும் வாங்கும். விலையும் கூடியது, வாங்கும் அளவும் கூடியது. இதையே 400-க்கு மேலே வைத்தால் ஒரு கிலோகூட வாங்காது. எந்த அளவில் நிறுத்துவது என்பதற்குக் கம்பெனி என்ன விலைக்கு விற்கிறது என்ற தகவல் வேண்டும். சங்கங்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் இன்னொரு பாதை எடுத்தார்கள். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பின் கீழுள்ள கிராமச் சங்கங்கள் கரையிலேயே முதல் ஏலத்தைத் தாங்கள் நடத்தி, கடனையும் தாங்களே கொடுத்து, ஏலத்தில் கிடைத்த பணத்திலிருந்து பிடித்துக்கொண்டன. விலையைத் தொடவில்லை, கடனையும் விற்பனையையும் ஒரே ஆள் கையிலிருந்து விடுவித்தார்கள். எனக்கு இதுதான் சரியான வழியாகத் தெரிகிறது. ஏலத்தில் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவது போட்டிச் சட்டம் 2002-ன் 3-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டதுதான். ஆனால் டீக்கடைப் பேச்சுக்குச் சாட்சி தேடுவதை விட ஏலத்துக்கு ஆறாவது ஆளைக் கூட்டி வருவது எளிது.

வெளிநாட்டு வரி பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. கடலில் பிடித்த இந்திய இறாலை, ஆமை தப்பும் கருவி வலையில் இல்லை என்று, அமெரிக்கா 2019-லேயே நிறுத்திவிட்டது. அப்படியென்றால் அப்படி ஒரு வரி ராமேஸ்வரம் இறாலைத் தொடாது என்றா நினைக்கிறீர்கள்? அமெரிக்கா போக வேண்டிய வளர்ப்பு இறால் வேறு நாடுகளைத் தேடும். நம் கடல் இறால் போகும் அதே சந்தையில் வந்து நிற்கும். மாற்றுப் பொருள் என்பதன் கை இவ்வளவு நீளம்.

நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததன் பயனும் இதை வைத்தே புரியும். வாங்குபவருக்கு 'வேறு மிளகாயும் இதுவும் ஒன்றுதான்' என்ற வழியை அது கொஞ்சம் அடைக்கிறது. ஆனால் போன வருட விலையைப் பார்த்து இந்த வருடம் எல்லோரும் விதைப்பது, அறுவடையில் விலை விழுவது, அடுத்த வருடம் எல்லோரும் குறைப்பது என்ற சுழலைக் குறியீடு தடுக்காது. அதற்குக் கிடங்கு வேண்டும்.

தேவைக் கோட்டை நேரில் பார்க்க ஆசையென்றால், ஒரே ரகம், ஒரே அளவு மீனை எடுத்துக்கொண்டு தினமும் நான்கு விவரம் குறியுங்கள்: வந்த பெட்டிகள், ஏலத்தில் நின்றவர்கள், கடைசி விலை, காற்று. வரத்தையும் விலையையும் மட்டும் புள்ளியாக வைத்தால் கோடு வராது. ஒரு நாள் வரத்து மாறியிருக்கும், ஒரு நாள் கேட்பவர் மாறியிருப்பார், புள்ளிகள் சிதறும். பலத்த காற்றென்று மீன்வளத்துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனை நிறுத்தும் நாட்களும், பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாட்களும் உங்களுக்கு வரப்பிரசாதம். கடலில் காற்று அடித்ததற்காக மதுரையில் யாருக்கும் மீன் ஆசை குறையாது. அளிப்பு மட்டும் நகரும், தேவைக் கோடு அதே இடத்தில் நிற்கும், அதன் மேல் புள்ளிகள் விழும். நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் பொருளியல் ஆய்வாளர் கேத்ரின் கிராடி கடல் வானிலையை வைத்து இப்படித்தான் கணக்கிட்டார். புரட்டாசியை விட்டுவிடுங்கள், சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகையையும் விட்டுவிடுங்கள், அப்போது சாப்பிடுபவரே குறைவு. அமாவாசையையும் தள்ளுங்கள், அன்று கடலுக்குள்ளும் பிடி மாறும், வீட்டுக்குள் சட்டியும் மாறும்.